மீல்மேக்கர் டாக்கோ

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்தாபுராவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் வாயை ஒருவர் முகர்ந்து பார்த்துக்கொள்வோம். நானும், கணவர் ரமேஷும், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் யாழினியும். மத்தியானம் சிவாஜிநகரில் சாப்பிட்ட பீஃப் சுக்காவின் வாசனை போய்விட்டதா என்று பார்க்கும் சோதனை இது. போகவில்லை என்றால் என் கைப்பையில் இருக்கும் சோம்பு டப்பாவைத் திறந்து ஆளுக்கு இன்னொரு சிட்டிகை. பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அவர்களா எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்?

எங்கள் ஆம்பூரில் ஒரு வீட்டில் கறி எடுத்தால் தெருவுக்கே தெரியும். தெரியட்டும் என்றுதான் ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளிப்போம். பெங்களூரில் வீடு தேடி அலைந்தபோது எந்த வாசலிலும் முதலில் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. “நான்-வெஜ் உண்டா?” என்றுதான் கேட்டார்கள். உண்மையைச் சொன்ன இடத்திலெல்லாம் “சொல்லி அனுப்பறோம்” என்றார்கள், யாரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியாக இந்த வீட்டு வாசலில், “நாங்க சைவந்தான் ஆன்ட்டி” என்றேன். உடனே சாவி கிடைத்தது. ஓனரம்மா நம் ஆள்தான், தமிழ். அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கு வந்துவிட்ட குடும்பம் என்பதால் தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். தமிழர்களுக்குத் தமிழர்கள் அனுசரணையாக இருப்பார்கள் என்று ஊரில் இருக்கும் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் குடி வந்தேன். மாடியிலிருந்து அவர் மூக்கு எங்கள் அடுப்படி வரை நீளும் என்பது பிறகுதான் தெரிந்தது.

எலக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு எல் சால்வடார் நாட்டிலும் ஓர் ஆபீஸ் உண்டு. இங்கே நான் வேலையை முடிக்கும் நேரம் அங்கே மரிசோல் என்ற பெண்ணுக்குக் காலை. வீடியோவில் வேலையை ஒப்படைத்த பிறகு கொஞ்ச நேரம் சாப்பாட்டுக் கதை பேசுவோம். அவள்தான் அவர்கள் வீட்டு டாக்கோவைச் சொல்லிக் கொடுத்தாள். மக்காச்சோள ரொட்டி, அதற்குள் கொத்துக்கறி, மேலே வினிகரில் ஊறிய கோஸ். அரை மணி நேரத்து வேலை என்றாள். “என்னால் முடியாது, எங்கள் வீடு சைவம்” என்றேன். “நீ சைவமா?” என்று கேட்டாள். “இல்லை, நான் கறி சாப்பிடுவேன். வீடுதான் சைவம்.” அவளுக்குப் புரியவில்லை. “வீடு சாப்பிடுமா?” என்றாள். இல்லை, ஆனால் துப்பும் என்று சொல்ல நினைத்தேன். என் இங்கிலீஷ் அந்த அளவுக்கு ஓடவில்லை. இருவரும் சிரித்தோம், அவள் எதற்கோ, நான் எதற்கோ.

கறிக்குப் பதில் மீல்மேக்கர் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை துணிந்தேன். எள், பூசணி விதை, பிரிஞ்சி இலை, காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் வறுத்துப் பொடித்தேன். பீட்சாவோடு வந்த ஆரிகானோ பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தது உதவியது. பொடியாக அரைத்த மீல்மேக்கர் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கோடு சேர்ந்து வதங்கியபோது அசல் கொத்துக்கறி வாசனை வந்தது. எனக்கே பயமாகிவிட்டது. ஜன்னலை மூடுவதற்குள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

“ஏனு இது, என்ன வாசனெ? பேகா பேகா, சீக்கிரம் வழி விடும்மா,” என்று ஓனரம்மா நேராக அடுப்படிக்குள் வந்துவிட்டார். கரண்டியை வாங்கிக் கிளறிப் பார்த்தார். குப்பைக்கூடையில் கிடந்த மீல்மேக்கர் பாக்கெட்டை எடுத்து இரண்டு பக்கமும் படித்தார். என் வீட்டுக் குப்பையை இன்னொருத்தர் கிளறுவதை நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் அக்ரிமென்ட் முடிகிறது. யாழினியின் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. இந்த இரண்டும்தான் என் வாயைக் கட்டிப் போட்டிருந்தன.

இது எந்த ஊர்ச் சமையல் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. “எல் சால்வடாரா? அமெரிக்கால எங்க பேத்தி தியாவப் பாத்துக்கறாளே ரோசா, அவ அந்த ஊர்க்காரிதான்! கொழந்தைக்கு இதத்தான் பண்ணித் தர்றா. சுத்த வெஜ், கோஸ் வெச்ச ரொட்டின்னு எம் பையன் சொன்னான். நாளைக்கு எல்லாரும் வர்றாங்க. ஞாயித்துக்கெழம நீ பண்ணிக் குடு. அக்ரிமென்ட்டப் பத்திக் கவலப்படாத, நான் இருக்கேன்.” மறுநாள் அட்டை கூடப் பிரிக்காத புதுத் தோசைக்கல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். “தப்பா எடுத்துக்காத. கொழந்த சாப்பிடறது, உன் கல்லு வேணாம்.” நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். கல்லையும் வாங்கிக்கொண்டேன். “இன்னாத்துக்கு இந்தப் பொழப்பு?” என்றார் ரமேஷ். வீட்டுக்காகத்தான் என்றேன்.

அந்த ஞாயிறு நாங்கள் சிவாஜிநகர் போகவில்லை. தட்டில் அடுக்கி மாடிக்கு எடுத்துப் போனேன், யாழினியும் கூட வந்தாள். ஓனரம்மாவின் மகன் சோபாவில் இருந்தார். அவர் மகள் தியாவுக்கு யாழினி வயதுதான். ஒரு டாக்கோவை எடுத்துக் கடித்தாள். மென்றாள். பிரித்து உள்ளே பார்த்தாள். “பாட்டி, இதுல பீஃப் எங்கே?” என்று இங்கிலீஷில் கேட்டாள்.

மகன் அவசரமாக, “அது சோயாம்மா, ரோசா போடறதும் சோயாதான்” என்றார்.

“இல்லப்பா, பீஃப்தான். நீ நாலு சாப்பிடுவியே!”

குழந்தை பொய்யைத் திருத்திவிட்டு அடுத்த வாய் கடித்தது. ஓனரம்மாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும். மகனைப் பார்த்தார். மகன் செல்போனைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஓனரம்மா என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வரவில்லை, ஆனால் முகத்தில் வந்துவிட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை சோம்பு மென்றிருக்கிறோம்! வராமல் என்ன செய்யும்?

மறுநாள் காலையில் ஓனரம்மா எங்கள் வாசலில் நின்றபடியே சொன்னார். “மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க.”

“ஏன் ஆன்ட்டி? நான் போட்டது மீல்மேக்கர்தானே, நீங்கதானே பாக்கெட்டப் பாத்தீங்க?”

“நீ என்ன போட்டியோ. அந்தப் பேச்செல்லாம் எங்க கொழந்தைக்கு எங்கேர்ந்து வரும்? உன் பொண்ணுதான் சொல்லிக் குடுத்திருக்கா. எங்க வீட்டுல அந்த வார்த்தையே கெடயாது.”

யாழினிக்குக் காது கேட்கும் தூரத்தில்தான் இதைச் சொன்னார். மகனைக் கேட்க முடியாத கேள்விக்கு என் மகள் தலையில் பழி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் கதவைச் சாத்திவிட்டு நான் முதலில் பிடித்தது யாழினியின் தோளைத்தான். “நீ ஏதாவது சொன்னியா தியாகிட்ட?” அவள் அழவில்லை. “நான் சொல்லலம்மா. நான் எப்பவும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேனே,” என்றாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. காலி செய்யும் நாளில் தோசைக்கல்லைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கையை நீட்டவில்லை அவர். “நீயே வெச்சுக்கோ, அது இனி எங்களுக்கு ஆகாது.” ஒரே ஒரு தடவை மீல்மேக்கர் பட்ட கல் அது. பீஃப் பட்ட மகன் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை மரிசோலிடம் சொன்னேன். “கறியே இல்லாத டாக்கோவுக்காகவா வீட்டை விட்டுத் துரத்தினார்கள்? அப்படியென்றால் கறி போட்டே செய்திருக்கலாமே!” என்றாள். இந்த ஒன்றை மட்டும் அவள் சரியாகப் புரிந்துகொண்டாள்.

இப்போதைய வீடு ஆனேக்கல் பக்கம், பள்ளிக்கூட வேனில் ஒரு மணி நேரம். அதைப் பார்க்கப் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், சிவாஜிநகரிலிருந்து நேராகப் போனோம். ஓனர் கன்னடக்காரப் பெண்மணி, நல்ல முகம். அறைகளைக் காட்டினார், தண்ணீர் வரும் நேரம் சொன்னார். எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தபோது, “நான்-வெஜ் மாட்தீரா?” என்று கேட்டார். இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி முன்னால் வந்தாள். அவர் கண்ணைப் பார்த்து, எனக்கு இத்தனை வருஷமாகியும் பேச வராத சுத்தமான கன்னடத்தில், “இல்லா ஆன்ட்டி, நாவு ப்யூர் வெஜ்” என்றாள்.

அந்த அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. குனிந்து கன்னத்தைக் கிள்ளினார். அவ்வளவு பக்கத்திலும் அவருக்கு வந்திருக்கக்கூடியது சோம்பு வாசனை மட்டும்தான்.