ஊதியூர்ப் பக்கத்துச் செவலைக் கன்று

காலை ஆறே காலுக்குக் கோயம்புத்தூர் சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் கரூர் வண்டி ஏறினோம். காங்கேயத்துக்கு டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். ஜன்னலோரம் டாக்டர் ஸ்டெல்லா உட்கார்ந்துகொண்டார். எங்கள் தெருவில் பிறந்து, இன்றும் அதே தெருவில் இருந்துகொண்டு, கால்நடை ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை பார்ப்பவர். நான் மோட்டார் வைண்டிங் கடைக்காரன். எனக்கும் மாட்டுக்கும் உள்ள உறவு காலையில் பால் பாக்கெட்டோடு முடிந்துவிடும். ஆனாலும் நம் தெருப் பெண் செய்கிற வேலையை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

சூலூரைத் தாண்டியதும் ஸ்டெல்லா கதையைச் சொன்னார். ஊதியூர்ப் பக்கம் சரஸ்வதி என்ற அம்மாளிடம் வெள்ளச்சி என்று ஒரு காங்கேயம் பசு இருந்தது. எந்தப் பஞ்சத்திலும் காட்டில் கிடைத்ததை மேய்ந்துகொண்டு, வருஷம் தவறாமல் கன்று போட்டு, நோய் நொடி என்று படுக்காத மாடு. அந்த இரத்தம் பெருக வேண்டும் என்று அதனிடமிருந்து கருக்களை எடுத்து, உறைய வைத்து, வேறு பசுக்களின் வயிற்றில் வளர்க்கப் பார்த்தார்கள். ஒன்றும் தங்கவில்லை. இதற்கிடையில் வெள்ளச்சி பாம்பு கடித்து இறந்துபோனது. மிச்சம் ஒரே ஒரு கரு. அதைச் சரஸ்வதியின் தொழுவத்திலேயே நின்ற ஜெர்சிக் கலப்பு மாட்டின் வயிற்றில் வைத்தார்கள். மாடு சினை பிடித்து, கன்றும் போட்டுவிட்டது.

“அப்பறமென்ன, சந்தோஷந்தானே?” என்றேன்.

“அங்கதானுங்கண்ணா சிக்கல். மாடு பருவத்துக்கு வந்த ஏழாம் நாள் கருவை வெக்கோணும். அது பருவத்துக்கு வந்து கத்துன அன்னிக்கு சரஸ்வதியக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. ஊட்ல இருந்த அவிங்க ஊட்டுக்கார மாமா, மாடு கத்துதுன்னு ஊசி போடறவரைக் கூப்புட்டு ஜெர்சிக் காளையோட சினை ஊசி போட்டுப்போட்டாரு. அதை யாருகிட்டயும் சொல்லலை. கன்னு பொறந்த பொறவுதான் வாயைத் தொறந்தாரு.”

ஆக, பிறந்தது வெள்ளச்சியின் மகளா, ஜெர்சியின் மகளா? கன்றின் வாலிலிருந்து மயிரை வேரோடு பிடுங்கிக் கொண்டுபோய் மரபணுச் சோதனை செய்திருக்கிறார்கள். முடிவு வந்துவிட்டது.

“என்னன்னு வந்துச்சு?”

“நல்லதோ கெட்டதோ, நேர்ல வந்து மொதல்ல எங்கிட்டச் சொல்லோணும்னு அக்கா கேட்டிருக்காங்க. உங்ககிட்ட இப்பச் சொன்னா நல்லாருக்காதுங்கண்ணா.”

பல்லடம் வரைக்கும் அவர் முகத்தையே நோட்டம் விட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. பாதிரியாரிடம் பாவமன்னிப்பு கேட்டுப் பழகிய குடும்பம். இரகசியம் காக்கத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எட்டு மணிக்குக் காங்கேயம். களத்தில் காயும் கொப்பரையின் வாசனை பஸ் நிலையம் வரை வந்தது. இட்லி சாப்பிட்டுத் தாராபுரம் பஸ்ஸைப் பிடித்தோம். ஊதியூர் மலை பக்கத்தில் வந்ததும் இறங்கினோம். சரஸ்வதியின் கணவர் பொன்னுச்சாமி மொபெட்டோடு காத்திருந்தார். மூன்று பேருக்கு வண்டி போதாது. அவர் அதைத் தள்ளிக்கொண்டே எங்களோடு நடந்தார். டாக்டரிடம் முடிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம்தான் மனம்விட்டுப் பேசினார்.

“கன்னு போட்ட நாள்லருந்து எங்கிட்ட நேராப் பேசறதில்லைங்க தம்பி. சோறு ஆறுதுன்னு மாட்டுகிட்டச் சொல்லுவா. நாங் கேட்டுட்டுப் போயி உக்காந்துக்கோணும்.”

“ஏனுங்க அப்படிப் பண்ணிப்போட்டீங்க?”

“மாடு கத்துனா கை தானா போனுக்குப் போயிருதுங்க. இத்தன வருசப் பழக்கம். ஊசி போட்ட பொறவுதான் கரு நெனப்பே வந்துச்சு. அப்பச் சொல்லப் பயமாப் போச்சுங்க.”

பாதையின் இரண்டு பக்கமும் கொறங்காடு. மாடு மேய்வதற்கென்றே விட்டுவைத்த நிலத்தை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மாட்டை உள்ளே விட்டுத் தட்டியைச் சாத்திவிட்டால் கூட ஆள் போக வேண்டியதில்லை. வறண்ட பூமியில் இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டைப் பார்த்ததும், இதுவும் எங்கள் கொங்கு நாடுதான் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வீட்டை அடைந்தபோது மணி பத்து. தொழுவத்தில் கன்றைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. செக்கச்செவேல் என்று, பக்கத்தில் நின்ற ஜெர்சியின் நிறத்திலேயே இருந்தது. என் முகம் போன போக்கைப் பொன்னுச்சாமி பார்த்துவிட்டார்.

“காங்கேயம் கன்னும் செவப்பாத்தானுங்க பொறக்கும். மாசம் போகப் போகத்தான் வெளுக்கும். நெறத்த வெச்சு இப்ப ஒண்ணுஞ் சொல்ல முடியாதுங்க.”

சரஸ்வதி அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மோர் கொடுத்தார். பிறகு கன்றுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தொழுவத்தில் ஓர் ஆணி வெறுமையாக இருந்தது. வெள்ளச்சியின் கழுத்து மணி வழக்கமாக அதில்தான் தொங்குமாம். மணி எங்கே என்று சரஸ்வதியும் கணவரிடம் கேட்கவில்லையாம்.

“சொல்லு கண்ணு” என்றார் டாக்டரிடம்.

“கன்னுக்குட்டிக்குப் பாதி அம்மாகிட்டருந்து, பாதி அப்பாகிட்டருந்து வருமுங்கக்கா. பெத்த ஜெர்சியோட வெச்சுப் பார்த்தோம், ஒத்து வரலை. எடுத்து வெச்சிருந்த வெள்ளச்சி ரத்தத்தோட வெச்சுப் பார்த்தோம். அச்சா ஒத்து வந்துருச்சுங்க. இது வெள்ளச்சி பொண்ணுதானுங்க.”

சரஸ்வதி குனிந்தார். கன்றின் நெற்றியைத் தடவினார். பிறகு ஜெர்சியின் பக்கம் திரும்பி, அதன் தாடையைச் சொறிந்துவிட்டார். “அடுத்தவ புள்ளைய நீ சொமந்து பெத்துக் குடுத்திருக்கிற” என்றார். அப்புறம்தான் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. கருகிய மோட்டாரைப் பிரித்தால் எந்தக் கடையில் கம்பி சுற்றியது என்று கைவேலையைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவன் நான். எங்கள் தெருப் பெண் நாலு மயிரை வைத்துக்கொண்டு, செத்துப்போன பசுவின் மகள் இதுதான் என்று சொல்லிவிட்டாள்.

சரஸ்வதி திரும்பினார். தொழுவத்து வாசலிலேயே நின்றிருந்த கணவரைப் பார்த்தார்.

“ஏனுங்க, அந்த மணியக் கொண்டாங்க.”

பொன்னுச்சாமி ஓடினார் என்றே சொல்ல வேண்டும். திரும்பி வந்தபோது கையிலிருந்த வெண்கல மணி பளபளத்தது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, துணியில் சுற்றி வைத்திருந்திருக்கிறார். முடிவு எப்படி வரும் என்று தெரியாமலே செய்த வேலை. சரஸ்வதி மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பேருமாகக் கட்டினார்கள். பெரிய மாட்டு மணி கன்றின் முழங்காலில் இடித்தது. அது மிரண்டு துள்ளியதைப் பார்த்துச் சரஸ்வதி வாய்விட்டுச் சிரித்தார். பெயரும் அப்போதே வைத்தாகிவிட்டது. சின்ன வெள்ளச்சி.

ஸ்டெல்லா கன்றைப் பரிசோதித்து முடித்ததும் சரஸ்வதி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. கோயம்புத்தூரில் யாராவது வெளியூர்க்காரர் கிடைத்தால் சிறுவாணித் தண்ணியில் தொடங்கி மோட்டார், மில் என்று நான் அளந்து கட்டுவேன். இனி அந்தப் பேச்சில் இந்தத் தொழுவமும் வரும். இதை முதலில் சொன்னாலும் சொல்வேன்.

மூன்று மணிக்குப் பொன்னுச்சாமி எங்களோடு ரோடு வரைக்கும் வந்தார். பஸ்ஸுக்காக நின்றபோது அவர் போன் அடித்தது. உடனே எடுக்கவில்லை. திரையை முதலில் டாக்டரிடமும் பிறகு என்னிடமும் காட்டினார்.

“ஊட்டுலருந்துங்க. அவளே கூப்புடறா.”

காதில் வைத்தார். பருத்திக்கொட்டை வாங்கி வரச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. “செரி அம்மணி, செரி அம்மணி” என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எங்கள் பஸ் வந்து நின்றது. அவர் பேச்சை முடிக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே எங்களுக்குக் கை காட்டினார்.