தாளத்துக்கு முந்தி

ரந்தாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எனக்குக் கிராணி வேலை, கணக்கு எழுதுவது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களும் இப்போது தோட்டத்தில் இல்லை. தமிழர்கள் இருந்த லயத்து வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். மாலையில் அவர்கள் ஊருக்குப் போன் போட்டுப் பேசுவார்கள். நான் போனில் தம்புராவை ஓடவிட்டு ஸா பிடிப்பேன். அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது, என் பாட்டு அவர்களுக்குப் புரியாது. அதனால் சண்டையும் இல்லை.

முன்பெல்லாம் சனிக்கிழமை தோறும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாரோய்க்குப் போவேன். பாட்டு டீச்சர் வீட்டு ஹாலில் பாய் விரித்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே வழுக்கைத் தலையோடு உட்கார்ந்து பாடுவேன். பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டுமே. என் குரல் கரகரப்பானது. பத்துக் குரல்களோடு கலந்துவிட்டால் அது தெரியாது. உண்மையைச் சொன்னால் சங்கீதத்துக்காக மட்டும் நான் போகவில்லை, அப்படிக் கலப்பதற்காகவும்தான் போனேன். வாரம் முழுவதும் தன் குரலையே கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு அந்த ஒரு மணி நேரம் கல்யாண விருந்து.

கோவிட் வந்து ஊரை அடைத்தபோது வகுப்பு போனுக்குள் போனது. ஊரைத் திறந்த பிறகும் அது வெளியே வரவில்லை. பெற்றோருக்குக் கார் ஓட்டும் வேலை மிச்சம், டீச்சருக்கும் ஹாலைப் பெருக்கும் வேலை மிச்சம். பிறகு அவர் மகனோடு இருக்க மெல்பர்ன் போய்விட்டார். பழைய பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். புதிதாக லண்டனிலிருந்து ஒரு பெண், பினாங்கிலிருந்து ஒரு டாக்டர், முகத்தைக் காட்டாத சிலர் என்று வேறொரு கூட்டம் சேர்ந்தது. அந்தச் சிலரில் ஒருவர் தன் முகத்துக்குப் பதில் எப்போதும் ஒரு செம்பருத்திப் பூவின் படத்தை வைத்திருப்பார். காலம் மாறிவிட்டது, உலகமே ஒரு பாயில் உட்கார்ந்திருக்கிறது என்றார் டீச்சர். அவருக்குப் பெருமை. எனக்கு அந்தப் பாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

போனில் எல்லாரும் சேர்ந்து பாட முடியாது. ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்ந்து சந்தைக்கடை ஆகிவிடும். ஆகவே டீச்சர் பாடுவார், நாங்கள் மியூட்டில் வைத்துக்கொண்டு கூடப் பாட வேண்டும். கட்டம் கட்டமாக வாய்கள் அசையும். எனக்குக் கேட்பது டீச்சர் குரலும் என் கரகரப்பும்தான்.

கடைசியில் ஒவ்வொருவராகப் பாடிக் காட்ட வேண்டும். டீச்சர் அங்கே தொடையில் தாளம் போடுவார். அவர் தட்டுவது என்னிடம் வந்து சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். அதைக் கேட்டு நான் பாடுவது அவரிடம் போய்ச் சேர இன்னும் கொஞ்சம். “தம்பி, இழுக்கிறீங்க” என்பார். போனைக் குறை சொல்வாரா, என்னைத்தான் சொன்னார். திட்டு வாங்கி வாங்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். தட்டு விழுவதற்குக் கொஞ்சம் முந்தியே வரியை எடுத்துவிடுவேன். போய்ச் சேரும்போது சரியாக இருக்கும். “இப்பதான் தாளம் நிக்குது” என்று மகிழ்ந்தார். அப்படியே பழகிப்போனது.

சிரம்பானில் ஒரு கோவிலில் வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் தரையில் உட்கார்ந்து சேர்ந்து கீர்த்தனைகள் பாடுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிரே, நடுவில் மிருதங்கமும் வயலினும். ஊரடங்கில் நின்றுபோனதை மறுபடி நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் பயிற்சி செய்தேன். புது வேட்டி வாங்கினேன். மறுபடி ஒருமுறை, ஒரே ஒருமுறை, என் குரல் எங்கே போயிற்று என்று தெரியாதபடி பாட வேண்டும் என்பதுதான் ஆசை.

முதல் வரியிலேயே எல்லாருக்கும் முன்னால் என் குரல் மட்டும் தனியாகப் போய் நின்றது. சுதாரித்தேன். அடுத்த வரியிலும் அதே கதை. மற்றவர்கள்தான் இழுக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அது மாதிரி. மிருதங்கக்காரர் நிமிர்ந்து தேடினார். முன் வரிசையிலிருந்த பெரியவர் திரும்பி, “ஐயா, அவசரம் வேணாம்லா. தாளத்தப் பாத்துப் பாடுங்க” என்றார். கூடவே சிலர் சிரித்தார்கள். தொடையில் கையை அழுத்தி வைத்துப் பார்த்தேன். கை நின்றது, வாய் நிற்கவில்லை. அனுபல்லவி வந்தபோது பாடுவதை நிறுத்திவிட்டேன்.

அத்தனை பேருக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோட்டத்து வீட்டில்கூட எனக்கு அவ்வளவு தனிமை இருந்ததில்லை. எழுந்து போகலாம் என்றால் காலை மடக்கி உட்கார்ந்தவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தது. அடுத்த வரியிலும் முந்தியது. என் தப்பு அங்குலம் பிசகாமல் வேறொருவர் வாயிலிருந்து வருகிறது! எட்டிப் பார்த்தேன். பச்சைப் புடவை கட்டிய, ஏறக்குறைய என் வயதுப் பெண் ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார். பிறகு அவரும் பாடவில்லை.

சாப்பாடு முடிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது அவரே வந்தார்.

“அண்ணே, நீங்க மெல்பர்ன் டீச்சர்கிட்டதானே கத்துக்கிறீங்க?”

“எப்படித் தெரியும்?”

“இவ்ளோ முந்திப் பாடுறவங்க வேற யாருண்ணே இருக்கா?” என்று சிரித்தார். “உங்க மூஞ்சியும் தெரியும்லா. நான் பகாவ் ஊரு. அந்தச் செம்பருத்திப் பூ நாந்தான்.”

மூன்று வருடம் ஒரே வகுப்பு. கடைசியில் தனியாகப் பாடும் நேரத்தில் அவர் முறை வருவதற்குள் சமையலுக்குப் போய்விடுவாராம், பிறகு டீச்சரைப் போனில் தனியாகக் கூப்பிட்டுப் பாடிக் காட்டுவாராம், அதே திட்டு வாங்கி அதே மாதிரி முந்தப் பழகினாராம். ஒருநாள்கூட அவர் குரலை நான் கேட்டதில்லை.

யார் முதலில் கேட்டது என்று நினைவில்லை. கோவில் சுவரோரம் வேப்பமர நிழலில் நின்று பல்லவியைப் பாடிப் பார்த்தோம். இரண்டு பேருமே முந்தினோம். அதனால் இரண்டு பேரும் சரியாகச் சேர்ந்து விழுந்தோம். அவர் குரல் மெல்லியது, மேலே போனால் நடுங்கும். அந்த நடுக்கத்துக்குக் கீழே என் கரகரப்பு ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அவருடைய கணவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஹார்ன் அடித்தார். பகாவ் தூரம், மழைக்கு முன் போய்ச் சேர வேண்டும்.

“சரிண்ணே, கிளாஸ்ல பாப்போம்” என்றார் அவர்.

“பூவப் பாக்கலாம்லா. கேக்கத்தான் முடியாது.”

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கார்க் கதவைத் திறந்தவர், உள்ளே குனிந்து கணவரிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

“இன்னொரு வாட்டி பாடலாமாண்ணே?”

பின்னால் ஹார்ன் ஒலித்துக்கொண்டே இருந்தது. பல்லவியிலிருந்து எடுத்தோம்.