பேட்ச் நம்பர் இல்லாத புகார்கள்

மாத்திரை அட்டையை வெட்ட ஜாய்ஸ் கற்றுக்கொண்டது திருப்போரூர் மருந்துக்கடை ஒன்றில். பி.பார்ம் படித்த நாலு வருஷமும் சாயங்காலம் அங்கேதான் நின்றாள். முழு அட்டை வாங்குகிறவர்கள் குறைவு. “ரெண்டு குடும்மா”, “நாலு போதும்” என்பார்கள். கத்தரித்துக் கொடுப்பாள். பேட்ச் நம்பர் அச்சடித்த முனை கடையிலேயே தங்கிவிடும்.

இப்போது சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் எனக்குப் பக்கத்து நாற்காலி. மருந்து சாப்பிட்டு யாருக்காவது ஏதாவது ஆனால் அந்தப் புகார் எங்கள் திரைக்கு வரும். முதலில் ஏஐ படித்து, அவசரமா இல்லையா என்று பிரிக்கும். நாங்கள் சரிபார்த்து ஏற்க வேண்டும். ஆரம்பத்தில் வரி வரியாகப் படித்தோம். அது தப்பே செய்யவில்லை. ஆறு மாதத்தில் படிக்காமலே ஏற்கப் பழகிவிட்டோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜாய்ஸ் ஒரு புகாரை ஏற்காமல் நிறுத்தினாள். வலி மாத்திரை போட்டபின் காய்ச்சல், வாயில் புண், தோலில் சிவப்புத் திட்டு. ‘தனிப் புகார், அவசரமில்லை’ என்றது ஏஐ. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்க, தேடினாள். அதே மாத்திரை, இதே செங்கல்பட்டுப் பக்கம், கடந்த இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு. இரண்டையும் ஏற்றது அவளேதான்.

“ஒரே பேட்ச் நம்பர் இருந்தாத்தான் அது புகாரையெல்லாம் ஒண்ணா சேக்குது. வெட்டி வாங்கினவங்க நம்பருக்கு எங்க போவாங்க?” என்றாள்.

டீம் லீடர் கலைவாணன் வந்து எட்டிப் பார்த்தார்.

“மெஷின் தப்புன்னு எழுதப்போறியா? எழுது தாயே. ரெண்டு மாசமா நீ இன்னா பண்ணிகினு இருந்தேன்னு மேல இருக்கறவன் கேப்பான். இந்த மாசம் உன் கான்ட்ராக்ட் முடியுது.”

“தெரியும்.”

“புதுசை மட்டும் அவசரம்னு மேல தூக்கு. பழசை வுட்டுடு.”

அவள் அப்பா ஏசுபாதத்துக்குக் காவலாளி வேலை நின்று வருஷமாகிறது. வீட்டில் இவள் சம்பளம் ஒன்றுதான். டப்பாவைத் திறக்காமல் சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பிறகு மூன்று புகாரையும் திரையில் திறந்தாள். முதல் ஆள் பிழைத்துவிட்டார். இரண்டாவது, சம்பூர்ணம் என்கிற அம்மாள். புகார் சொன்ன மகன் செங்கல்வராயனைக் கூப்பிட்டாள். கலைவாணனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா எப்படி இருக்காங்க அண்ணா?”

“அம்மா போயி பதினோரு நாளு ஆவுது. தோலெல்லாம் உரிஞ்சிடுச்சி. அன்னிக்கி சொன்னப்போ ஒருத்தரும் திரும்பக் கூப்புடல. இப்ப இன்னாத்துக்குக் கேக்குறீங்க?”

“அதை அவசரமில்லன்னு முடிச்சது நான்தான்.”

கலைவாணன் இணைப்பைத் துண்டிக்கக் கை நீட்டினார். அவள் தள்ளிவிட்டாள். 

“மாத்திரை மிச்சம் இருக்கா அண்ணா?”

“நாலு வாங்கனோம். ஒண்ணு கீது.”

“அம்மா எத்தனை போட்டாங்க?”

“ரெண்டு.”

ஜாய்ஸ் என்னைப் பார்த்தாள்.

“இன்னொண்ணு?”



“தங்கச்சி. முந்தாநேத்து தலவலின்னு…”

“வாயில புண்ணு இருக்கான்னு பாருங்க. உடனே போங்க!”

போனை எங்கோ போட்டுவிட்டு அவர் ஓடுவது கேட்டது. “கீர்த்தனா, ஏந்திரு. வாயத் திற.” பதிலுக்கு ஒரு முனகல்.

அதற்குள் கலைவாணன் தன் போனில் 108-ஐ அழுத்தியிருந்தார்.

“ஜாய்ஸ், ஊரு பேரு இன்னா? சீக்கிரம் சொல்லு!”