ரயில் இல்லாத கைகாட்டிகள்

எங்கள் வீட்டுச் சுவர் மாடத்தில் ஒன்பது கைகாட்டிகள் நிற்கின்றன. தகரத்தில் செய்த பொம்மைகள், ஒரு சாண் உயரம். அடியில் இருக்கும் சிறு கம்பியை அழுத்தினால் உச்சியில் உள்ள சிவப்புக் கை இறங்கும். விட்டால் பழையபடி நீட்டிக்கொள்ளும். பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் வைத்து விளையாடச் செய்தவை. பொம்மை ரயில் எங்கள் வீட்டில் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை.

“ரயிலே இல்லாத வீட்ல இம்புட்டுக் கைகாட்டி எதுக்கு? எந்த வண்டிக்குக் காத்திருக்கீக?” என்று என் மனைவி மாதம் ஒருமுறையாவது கேட்பாள். நான் பதில் சொன்னதில்லை. கடையிலும் சரி, வீட்டிலும் சரி, அதிகம் பேசி எனக்குப் பழக்கமில்லை. எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் சேர்ந்தேன். மலையிலிருந்து வரும் காயைத் தரம் பிரிக்கும் வேலை. பருமனைச் சல்லடை பார்த்துக்கொள்ளும். நிறத்தை நாங்கள்தான் பார்க்க வேண்டும். நல்ல பச்சை, இளம்பச்சை, வெளுத்தது, பழுப்பு ஏறியது. காலை நிழலில் வெள்ளைத் துணி விரித்து, காயைப் பரப்பிப் பார்ப்போம். இரண்டு வருடம் அந்த வேலை செய்தால் பிறகு எதைப் பார்த்தாலும் கண் அதையே செய்யும். மனைவியின் சேலையில் முந்தானை மற்ற இடத்தைவிட ஒரு பிடி வெளுப்பு என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சோற்றுத் தட்டு சத்தத்தோடு வந்து இறங்கியது.

போடிக்கு ரயில் வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஊரே இஞ்சினைப் பார்க்கப் போனது. நானும் போனேன். முண்டியடிக்கக் கூச்சப்பட்டு ஓரமாக நின்றதால் எனக்குத் தெரிந்தது கைகாட்டி மரம் மட்டும்தான். உயரத்தில் ஒரு கை சத்தமில்லாமல் இறங்கியது. அவ்வளவு பெரிய இரும்பு வண்டி அதற்குக் கட்டுப்பட்டு உள்ளே வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் இத்தனை காரியம் செய்ய முடிகிறதே என்று அதன்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது.

சில வருடம் கழித்து வீரபாண்டித் திருவிழாவில், மதுரையிலிருந்து வந்து கடை போட்டிருந்த ஒருவரிடம் தகரக் கைகாட்டியைப் பார்த்தேன். ரயில், தண்டவாளம் எல்லாம் பெரிய அட்டைப் பெட்டியில் இருந்தன. கைகாட்டிகளை மட்டும் உதிரியாகவும் விற்றார். ஜப்பான் சாமான். சிவப்பில் ஒன்று வாங்கினேன். அடுத்த சித்திரையில் போனால் அதே கைகாட்டி பச்சையில் இருந்தது. கம்பம் இரண்டுக்கும் வெள்ளை, கை இரண்டுக்கும் சிவப்பு. அடிப்பெட்டியும் ஏணியும் மட்டும் நிறம் மாறியிருந்தன.

“வேற நிறமும் வருங்களா?” என்று கேட்டேன்.

“எந்தப் பெயிண்டு மிச்சமிருக்கோ அதை அடிச்சு அனுப்புறான் ஜப்பான்காரன். மூட்டையை அவுத்தாத்தான் எனக்கே தெரியும்,” என்றார்.

அந்த ஒரு பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னும் என்னென்ன நிறம் மூட்டைக்குள் இருக்கிறதோ? வருடா வருடம் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். மீசை வைத்த ஆள், கையில் பிள்ளையும் இல்லாமல், கூட்டத்துக்கு நடுவில் பொம்மை பொறுக்குவதற்குக் கூச்சம். அதனால் விடிந்ததும் கடை திறக்கிற நேரத்துக்குப் போய்விடுவேன். அதில் வேறொரு சங்கடம்.

“முத ஆளு நீங்கண்ணே. போணி பண்ணாமப் போகக் கூடாது. எடுத்ததைக் கீழ மட்டும் வச்சிராதீக!”

முதல் ஆள் கையில் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டுப் போனால் அன்றைய வியாபாரமே விளங்காது என்பது அவர் நம்பிக்கை. நிறம் பார்க்கத்தான் எடுத்தேன், சிவப்பு என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லலாம். எனக்கு வாய் வராது. வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். என்னிடம் ஐந்து சிவப்பு சேர்ந்தது இப்படித்தான். நடுவில் இலைப்பச்சை ஒன்று, கிளிப்பச்சை ஒன்று, நீலம் ஒன்று, காப்பிக்கொட்டை நிறத்தில் ஒன்று கிடைத்தன. இரண்டு பச்சைக்கும் வித்தியாசம் என் மனைவிக்குத் தெரியாது. “ரெண்டும் பச்சைதான், கண்ணைக் கட்டிக்கிட்டு அலையாதீக,” என்பாள்.

கடை வேலையாக மாதம் ஒருமுறை கூடலூர் போய், குமுளிப் பக்கமிருந்து இறங்கும் காயைப் பார்த்துவிட்டு வருவேன். வழியில் உத்தமபாளையத்தில் பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்துவார்கள். அங்கே எதிரில் ஒரு ராவுத்தரின் ஜவுளிக்கடை. ஒருநாள் பஸ் ஜன்னலிலிருந்து அந்தக் கடையைப் பார்த்தவன் அப்படியே எழுந்துவிட்டேன். தெருவைப் பார்த்துப் போட்ட மேசையில் என் கைகாட்டிகளின் கூடப்பிறந்தது ஒன்று நின்றது. மஞ்சள் நிறத்தில்.

ராவுத்தர் அதை ஒரு காரியத்துக்கு வைத்திருந்தார். அடிக்கம்பியின்மேல் துணி வெட்டும் கத்தரிக்கோலை வைத்தால் கை இறங்கி நிற்கும். ஆள் கடையில் இருக்கிறார் என்று அர்த்தம். தொழுகைக்குப் போகும்போது கத்தரிக்கோலை எடுத்துவிடுவார். கை நீட்டிக்கொள்ளும். வாடிக்கைக்காரர்கள் வாசலிலேயே காத்திருப்பார்கள்.

மஞ்சள் கைகாட்டியை விலைக்குக் கேட்பது என்று முடிவு செய்து உள்ளே போனேன்.

“வாங்க மாப்ளே, என்ன வேணும்?” என்றார். எல்லாரும் அவருக்கு மாப்பிள்ளைதான்.

“துண்டு,” என்றேன்.

அடுத்த மாதமும் போனேன். அடுத்த மாதமும் துண்டுதான் வாங்கினேன். கடைக்காரர் தன் சாமானைத் தன் வேலைக்கு வைத்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவன் போய் அந்தப் பொம்மையைக் கொடு என்று எப்படிக் கேட்பது? மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, துண்டைத் தடவிப் பார்ப்பதுபோல் கைகாட்டியைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். மஞ்சள் என்றாலும் முழு மஞ்சள் இல்லை, காய்ந்த எலுமிச்சைத் தோலின் நிறம். என்னிடம் இல்லாத நிறம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மாடத்தில் நீலத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம்கூட விட்டு வைத்தேன்.

வீட்டில் துண்டு பெருகியது.

“உத்தமபாளையத்துத் துணிக்கடையில பொம்பளை யாரும் உக்காந்திருக்காளா?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

“இல்லையே. தாடி வச்ச ராவுத்தர்தான்.”

“பின்னே எதுக்கு மாசம் தவறாமத் துண்டு? நமக்கென்ன பத்துத் தலையா இருக்கு?”

“துணி நல்லா இருக்கு,” என்றேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.

இப்படியே வருடங்கள் போயின. பிறகு உலகச் சண்டை வந்தது. ஜப்பான் சாமான் வருவது நின்றது. வீரபாண்டியில் அந்தப் பொம்மைக் கடையும் இல்லை. இனி மஞ்சள் வேண்டுமென்றால் அந்த ஒரு மேசைதான். அதோடு நிற்கவில்லை. போடி ரயிலை நிறுத்தி, சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். கைகாட்டி மரம் மட்டும் கொஞ்ச நாள் வெறும் தரையைப் பார்த்துக் கை நீட்டியபடி நின்றது. மனைவி அதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“ஊரே நம்ம வீடு மாதிரி ஆயிருச்சு போங்க,” என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது.

துணிக்கும் கட்டுப்பாடு வந்த சமயம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். கூடலூரிலிருந்து திரும்பிய ஒரு மத்தியானம், உத்தமபாளையத்தில் வண்டி இருமி நின்றுவிட்டது.

“கரி பிடிக்க அரை மணி ஆகும். உள்ள உக்காந்து வேகாதீக, எறங்குங்க!” என்றார் கண்டக்டர்.

ஜவுளிக்கடை அலமாரிகள் காலியாக இருந்தன. கத்தரிக்கோல் மட்டும் கம்பியின்மேல் இருந்தது, கை இறங்கியிருந்தது.

“வாங்க மாப்ளே. துண்டுதானே? இல்லை. எல்லாம் கண்ட்ரோலு. கூப்பன் கொண்டாந்தாலும் கொடுக்கச் சரக்கில்லை. சும்மா உக்காருங்க.”

உட்கார்ந்தேன். இத்தனை வருடம் ஒளிந்துகொள்ள எனக்கு இருந்தது அந்தத் துண்டுதான். அதுவும் இல்லை. ராவுத்தர் என் முகத்தைப் பார்த்தார்.

“ஒரு துண்டில்லாததுக்கா இம்புட்டு வருத்தம்?”

“அய்யா… அந்த மஞ்சக் கைகாட்டி…”

“எது?”

“மேசையில இருக்கதுங்க. மஞ்சள்.”

“மஞ்சளா? இங்கன ஏது மஞ்சள்? இது பச்சைதானே!”

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கேலி இல்லை. நான் யாரோடும் வாதம் செய்கிறவன் அல்ல. ஆனால் நிறம் என்று வந்தால் விட முடியவில்லை.

“எனக்கு வேலையே நிறம் பாக்குறதுதானுங்க. இது மஞ்சள்.”

“தினம் இதுக்குப் பின்னாடி உக்காந்திருக்கவன் நான். பச்சை. இங்கன வந்து பாருங்க!”

நான் மேசைக்கு அந்தப் பக்கம் போனேன். அவர் எழுந்து தெருப்பக்கம் வந்தார். இருவரும் இடம் மாறி நின்று பார்த்தோம். அவர் பக்கம் அசல் இலைப்பச்சை, மூட்டையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல். மேற்கு பார்த்த கடை அது. வருடக்கணக்கில் சாயங்கால வெயில் முழுக்கத் தெருப்பக்கத்தில் விழுந்து, பச்சையை வெளுத்து மஞ்சளாக்கியிருந்தது. காயை வெயிலில் விடாதே, பச்சை போய்விடும் என்று தினமும் கடை ஆட்களிடம் சொல்கிறவன் நான்.

ராவுத்தர் நாற்காலியில் விழுந்து சிரித்தார். “யா அல்லா! மஞ்சக் கைகாட்டி நல்லாருக்குன்னு என் சம்சாரம் ஒருநாள் சொன்னா. ஒனக்குக் கண்ணு போயிருச்சுன்னு அவளை ஏசிட்டேனே!” பிறகு என் பக்கம் திரும்பினார். “அப்ப இந்தத் துண்டெல்லாம்?”

“இதைப் பாக்கத்தானுங்க வந்தேன்.”

“வாயைத் தொறந்து கேட்டிருந்தா முத நாளே குடுத்திருப்பேனே மாப்ளே!”

“துண்டும் நல்லாத்தாங்க இருக்கு,” என்றேன். அவர் மறுபடி சிரித்தார்.

எனக்கு உள்ளுக்குள் சப்பென்று ஆகிவிட்டது. மஞ்சள் என்று ஒன்று கிடையவே கிடையாது. நீலத்துக்குப் பக்கத்தில் விட்டு வைத்த இடம் நிரம்பப் போவதில்லை. ராவுத்தர் கத்தரிக்கோலை எடுத்துவிட்டுக் கைகாட்டியை என்னிடம் நீட்டினார்.

“வேண்டாங்க. இது பச்சை. எங்கிட்டப் பச்சை இருக்கு,” என்றேன்.

“மணி மூணாச்சு. இன்னைக்கு இன்னும் போணி ஆகலை. கடைக்குள்ள வந்த ஒரே ஆளு நீங்கதான். வெறுங்கையா அனுப்ப மாட்டேன்.”

போணி என்ற சொல்லுக்கு முன்னால் நான் என்றைக்கு நின்றிருக்கிறேன்? கூடலூரில் வீட்டுக்கென்று கொடுத்த ஏலக்காய்ப் பொட்டலத்தை மேசையில் வைத்தேன். அவர் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

“நெய்ச்சோத்துக்கு ஆச்சு. போணியும் ஆச்சு,” என்றார்.

கண்டக்டர் தெருவிலிருந்து கத்தினார்: “ஏலக்காய் அண்ணே! வண்டி சூடாயிருச்சு, ஓடியாங்க!”

கைகாட்டியோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் துண்டிலிருந்து. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் வந்த தண்ணீரை உத்தமபாளையத்துத் துண்டு ஒன்றாலேயே துடைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் அதற்குப் பதிலாக ஒரு சிவப்பைக் கொண்டுபோய் ராவுத்தர் மேசையில் வைத்தேன். இம்முறை அவராகவே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “செவப்பு. நீங்களும் சொல்லிருங்க,” என்றார். சொன்னேன்.

புதிதாக வந்ததை மாடத்தில் மஞ்சள் முகம் தெரிய வைத்தேன். இடம் நிரம்பிவிட்டது. ஒரு வாரம் கழித்துச் சாயங்காலம் கடையிலிருந்து வந்தால் அந்த இடம் காலியாக இருந்தது. தேடினால், மேற்கு ஜன்னலில், பச்சை முகம் வெயிலைப் பார்க்க நின்றது.

“யாரு வச்சது இங்கன?”

“நான்தான். ஒரு பக்கம் ஆயிருச்சு, மறுபக்கமும் ஆனா முழு மஞ்சளாயிருமில்ல? வத்தலைக்கூடப் புரட்டிப் புரட்டித்தானே காயப் போடுறாக?”

எனக்கு மஞ்சள் வேண்டும் என்பதற்காக அவள் யோசித்துச் செய்தது. ஆனாலும் நான் ஓடிப்போய் அதை எடுத்துவிட்டேன். நிழலுக்குக் கொண்டுவந்து, வெள்ளைத் துண்டை விரித்து, பச்சை குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். குறையவில்லை. எந்த மூட்டையை அவிழ்த்தாலும் இப்படி ஒன்று வரப் போவதில்லை. மாடத்தில் வைத்தபோது மஞ்சளும் பச்சையும் சேர்ந்து தெரியும்படி கொஞ்சம் சாய்த்து வைத்தேன்.

அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அரைகுறையாக எதையும் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. இப்போதும் வாரத்தில் ஒருநாள் அது ஜன்னலுக்குப் போய்விடுகிறது. நான் வந்ததும் மாடத்துக்குத் திரும்பிவிடுகிறது. வீட்டில் ஓடுகிற ரயில் அது ஒன்றுதான்.