ஒரே கணினிக்கு இரண்டு ஆன்டிவைரஸ்

கணினியில் வைரஸ் வந்துவிட்டால் வீட்டில் யாராவது ஒருவர் மேல் பழி விழுந்தாக வேண்டும். செகந்திராபாத் மெட்டுகுடாவில் எங்கள் வீட்டில் அந்தப் பழி ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் என் தலையில் விழுந்தது. அதிக நேரம் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான்தானே! கணவரின் அண்ணன் நண்பர்களிடமிருந்து கொண்டுவந்து போடும் பாட்டு சிடிக்களையோ, என் கணவர் ஆபீஸிலிருந்து எடுத்துவரும் பென் டிரைவையோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் அப்போது வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்துகொண்டிருந்தேன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதை ஹெட்போனில் கேட்டு, டைப் செய்து, அன்று மாலைக்குள் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்புகளும் கடைகளும் நிறைந்த அமீர்பேட்டுக்குப் பஸ் நெரிசலில் இடிபட்டுப் போய்ப் படித்துப் பிடித்த வேலை. மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. கடைக்குப் போனால்கூட விரலைக் காட்டித்தான் பொருள் வாங்குவேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் மட்டும் நானும் ஒரு ஆள். அந்த வேலையை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான் அனுப்பிய ஃபைலில் வைரஸ் இருக்கிறது என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. இன்னொரு தடவை வைரஸோடு வந்தாலும் சரி, நேரத்துக்கு வராவிட்டாலும் சரி, என் ஐடியை மூடிவிடுவோம், முதலில் நல்ல ஆன்டிவைரஸாகப் பார்த்துப் போடுங்கள் என்றார்கள். சொன்ன பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். 

எது நல்லது என்று அன்று சாப்பாட்டு மேசையில் பெரிய பஞ்சாயத்து. கணவரின் அண்ணனுக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. அவர்கள் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்வாசிகள். அவர் பேசினால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. செகந்திராபாத்தில் தெரிந்த கடைக்காரர் ஒரு ஆன்டிவைரஸைச் சிபாரிசு செய்திருக்கிறார், அதையே போடலாம் என்றார். "எங்க ஆபீஸ்ல வேற ஒண்ணு வச்சிருக்காங்கண்ணா, அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "சரிண்ணா, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டார். வேலை செய்கிறவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் தன் சிடியைப் போட்டு, யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று பாஸ்வேர்டும் வைத்துவிட்டு எழுந்தார். மாலை அவர் மார்க்கெட்டுக்குப் போனதும் என் கணவர் கணினி முன் உட்கார்ந்து தன் ஆபீஸ் ஆன்டிவைரஸையும் அதில் ஏற்றினார்.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதே. அவர் போட்டதை எடுத்தா மனசு கஷ்டப்படுவார். ரெண்டும் இருக்கட்டுமே, ரெட்டைப் பாதுகாப்பு!"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். ஒன்று இன்னொன்றையும், அது தொட்ட ஃபைலையும் திருடன் என்று நினைத்துப் பிடிக்கும் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது.

திங்கட்கிழமை காலையிலிருந்தே கணினி நகரவில்லை. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வர ஒரு யுகம் ஆனது. எப்படியோ மல்லுக்கட்டி மத்தியானத்துக்குள் அத்தனை ரிப்போர்ட்டையும் முடித்து ஒரே ஃபைலாகச் சேமித்தேன். அடுத்த நொடி திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பியது. சந்தேகத்துக்குரிய ஃபைல் பிடிபட்டது என்றது கணவருடைய ஆன்டிவைரஸ். அதற்குப் பக்கத்திலேயே அண்ணனுடையதும் அதையே சொன்னது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் என் ஃபைல் இல்லை.

 தேடியதில் ஃபைல் கணவருடைய ஆன்டிவைரஸின் காவலில் கிடப்பது தெரிந்தது. அதை விடுவித்தால், வெளியே வந்த மறுநொடி அண்ணனுடையது பிடுங்கி உள்ளே போட்டது. அங்கிருந்து எடுத்தால் இது பிடித்தது. கணவருடையதையே எடுத்துவிடலாம் என்று போனால், காவலில் உள்ளவையும் சேர்ந்து அழியும், சம்மதமா என்று கேட்டது. பாம்பை மிதித்தவளைப் போல மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

கணவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணனோடதைக் கொஞ்ச நேரம் நிறுத்தணும்ங்க. பாஸ்வேர்டு கேக்குது."

"அதைத் தொடாதே. நான் சாயங்காலம் வந்து பார்க்கிறேன்."

"சாயங்காலத்துக்குள்ள அனுப்பலைன்னா என் வேலை போயிடும். அண்ணன்கிட்ட நீங்க கேட்டுச் சொல்லுங்களேன்."

"நான் எப்படிக் கேக்கிறது? எதுக்குன்னு கேப்பாரே!" மீட்டிங் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கணினியையும் அவரையும் சேர்த்துத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். "கைக்கு இவ்ளோ ஜல்தி? ரெண்டு பேரும் வரட்டும், பேசிக்குவாங்க" என்றார். ஏன் இவ்வளவு அவசரம் என்பதைத்தான் அந்த ஊர்ப் பேச்சில் அப்படிக் கேட்டார். மணி நாலைத் தாண்டியிருந்தது. மின்சாரம் வேறு ஒருமுறை போய்விட்டு வந்தது. யுபிஎஸ் கத்திய கத்தலில் எனக்கு உயிரே போய்விட்டது.

அண்ணனுக்கு நான் அதுவரை போன் செய்ததே இல்லை. நேரிலும் சாப்பிட வாங்க, காபி வேணுமா என்பதற்கு மேல் பேசியதில்லை. தம்பி மனைவி அதற்கு மேல் பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த ஆபீஸ் நம்பரைப் பார்த்து டயல் செய்தேன். யாரோ தெலுங்கில் எடுத்தார்கள். அவர் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவர் வந்தார்.

"அத்தான், நான்தான். கம்ப்யூட்டர்ல நீங்க வச்ச பாஸ்வேர்டு வேணும்."

"எதுக்கும்மா? என்னோடதை எடுக்கப் போறியா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாலைந்து பொய் நாக்கு நுனியில் வந்து நின்றன. ஆனால் எனக்கு நேரம் இல்லை.

"உங்க தம்பியும் ஒண்ணு போட்டிருக்கார் அத்தான். ரெண்டும் சேர்ந்து என் ஃபைலை மாத்தி மாத்திப் பிடிச்சு வச்சுக்குது. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். இல்லைன்னா வேலை போயிடும்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. 

"எப்பப் போட்டான்?"

"நீங்க போட்ட அன்னிக்கேதான். நீங்க மார்க்கெட் போயிருந்தீங்க."

"ஹவ்" என்றார், ஊர் வழக்கில் 'ஆமாம்' என்று தனக்குள் சொல்லிக்கொள்வது போல. பிறகு சொன்னார். "தம்பி பொறந்த தேதிதான்மா பாஸ்வேர்டு. தேதி, மாசம், வருஷம். போட்டுக்கோ."

போனை வைத்துவிட்டு அந்த எண்களைத் தட்டும்போது என் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் கை நிற்கவில்லை. அண்ணனுடையதை நிறுத்தி, கணவருடையதிலிருந்து ஃபைலை மீட்டு, அதையும் நிறுத்தினேன். பிறகு அண்ணனுடையதை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். பக்கத்தில் போட்டி இல்லாததால் இந்த முறை சுத்தம் என்றது. அனுப்பினேன். கிடைத்தது என்று கம்பெனியிலிருந்து பதில் வரும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் அண்ணன் தலை நிமிரவில்லை. ரசம் கேட்டார், மோர் கேட்டார், எழுந்து போய்விட்டார். அறைக்குள் வந்ததும் நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். என் மேல் பாய்ந்தார். "அவர்கிட்ட ஏன் சொன்னே? இனி அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"அவர் வச்ச பாஸ்வேர்டு என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன். தெரியாது என்றார். சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஹாலுக்குப் போனார். அண்ணனிடம் பேசப் போகிறார் என்று நினைத்தேன். கணினியின் விசிறிச் சத்தம் கேட்டது. 

மறுநாள் காலை இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு கணினியைத் திறந்தேன். கணவருடைய ஆன்டிவைரஸ் இல்லை. முந்தின நாள் அவர் எழுந்து போனது அதை எடுக்கத்தான். அண்ணன் போட்டதே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார். சரி என்று பார்த்தால் அண்ணனுடையதும் இல்லை. விடிந்ததும் எழுந்து, தம்பியுடையது போய்விட்டதைக் கவனிக்காமல், அதுவே இருக்கட்டும் என்று அவர் தன்னுடையதை எடுத்திருக்கிறார். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அன்றைய ரிப்போர்ட்டுகள் எனக்காகக் காத்திருந்தன. கணினி ஒரு பாதுகாப்பும் இல்லாமல் அம்போவென்று நின்றது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாமியாரிடம் சொல்லிவிட்டு அமீர்பேட்டுக்குப் பஸ் ஏறினேன். மூன்று கடை ஏறி இறங்கி, தெரிந்த இங்கிலீஷில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்து போட்டேன்.

மாலையில் அண்ணன்தான் முதலில் திரையைப் பார்த்தார். "இது யாரு போட்டது?" என்றார். பின்னாலேயே வந்த கணவரும் எட்டிப் பார்த்தார்.

"நான்தான்."

"பாஸ்வேர்டு?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"என் வேலைக்குப் போட்டது. எனக்குத் தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.