ஒரே வாரத்தில் இரண்டு ஆயுத பூஜை

எங்கள் அப்பா துப்பாக்கி சுடும் மைதானம் கட்டினார் என்றால் என்னுடன் வேலை செய்பவர்கள் நம்புவதில்லை. அப்பா மண் பொறியாளர். வீட்டுக்குள் வந்த எறும்பைக்கூடக் காகிதத்தில் ஏற்றித் தோட்டத்தில் கொண்டுபோய் விடுகிறவர். ஆனாலும் கட்டினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதைவிடப் பரபரப்பான கோடை எனக்கு அதன்பின் வாய்க்கவில்லை.

ஆரம்பித்தது சித்தப்பாதான். அவர் மொன்றியல் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துக்கொண்டு, நகரின் நடுவே கோட்-டெ-நெய்ஜில் ஓர் அறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் புறநகரான ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். மதுரையில் கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் சுட்டுக் கோப்பை வாங்கிய கதை சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை வரும். அப்பாவும் இரண்டு நண்பர்களும் நகரத்துக்கு வடக்கே கொஞ்சம் காட்டு நிலம் வாங்கியிருந்தார்கள். அங்கே சுடுவதற்கு ஓர் இடம் அமைத்தால் என்ன என்று சித்தப்பா ஒரு ஞாயிறு கேட்டார். அப்பா திட்டப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் கை கழுவிவிட்டு வந்து மேசையில் வரைதாளை விரித்தார். செய்தால் முறையாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் பேச்சே வேண்டாம் என்றார்.

முறை என்றால் அப்பாவுக்கு என்னவெல்லாம் என்று அந்தக் கோடையில் தெரிந்துகொண்டேன். முதலில் ஊர் அலுவலகம். பிரெஞ்சில் நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனார். அங்கிருந்தவர் பதிலுக்கு நாற்பது வாக்கியம் பேச, அப்பா எல்லாவற்றுக்கும் மெர்ஸி என்று நன்றி சொல்லிவிட்டு வந்தார். பிறகு போலீஸ், பிறகு காப்பீடு, பிறகு மண். நிலத்தின் கோடியில் இருந்த குன்றை முதுகாக வைத்து அதன் முன்னால் உயரமாக ஒரு மண் அணை. கல்லில் பட்டால் குண்டு திசை மாறித் தெறிக்கும் என்பதால் அணையின் முகத்துக்கு வேண்டிய மணலை எல்லாம் சலித்துப் போட்டார்கள். பக்கங்களில் சின்ன அணைகள், வாசலில் பூட்டுப் போட்ட கதவு, இரண்டு மொழிகளில் எச்சரிக்கைப் பலகை. முறைப்படி வாங்கிய சின்ன ரைஃபிள் வீட்டில் ஓர் அலமாரியில், அது இல்லாமல் சுடமுடியாத போல்ட் இன்னோர் அலமாரியில், தோட்டாக்கள் மூன்றாவதில். மூன்று சாவியும் அப்பாவிடம்.

எனக்கும் ஒரு பதவி இருந்தது. சுடும்போது கம்பத்தில் சிவப்புக் கொடி பறக்க வேண்டும். அம்மாவின் பழைய புடவையில் தைத்த அந்தக் கொடியை ஏற்றுவது நான். பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. அதனாலேயே அது சீக்கிரம் நடக்க வேண்டியிருந்தது.

அம்மா மட்டும் ஒரு தடவை, குன்றுக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் உண்டா என்று கேட்டாள். மரங்கள்தான், வரைபடத்தில் பாதை எதுவும் இல்லை என்றார் அப்பா. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற அம்மா எதையும் இரண்டாவது முறை சோதிக்காமல் விடமாட்டாள். அன்று ஏனோ அத்தோடு விட்டுவிட்டாள்.

அக்டோபரின் நீண்ட வாரயிறுதி. செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து பார்த்து அனுமதி தருவதாக இருந்தது. ஞாயிறன்று அப்பாவின் நண்பர்கள் குடும்பத்தோடு நிலத்துக்கு வந்தார்கள். அதிகாரிக்குக் காட்டுவதற்காக ரைஃபிளும், தனித்தனியாகப் பூட்டிய பெட்டிகளில் போல்ட்டும் தோட்டாக்களும் வந்திருந்தன. அனுமதிக்கு முன்னால் ஒரு குண்டுகூடச் சுடக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஆனால் அணையைப் பார்த்து எல்லோரும் வியக்க வியக்க அப்பாவின் முகம் இளகிக்கொண்டே போனது.

"கப்பு வாங்கினேன்னு சொன்னியே, டீ கப்பா?" என்று ஒரு நண்பர் சித்தப்பாவைச் சீண்டினார்.

"ஒரே ஒரு ரவுண்டு அண்ணா. நீ கட்டியிருக்கிறது அணையா, கோட்டைச் சுவரு."

அப்பா குன்றைப் பார்த்தார், அணையைப் பார்த்தார், பிறகு தன் சட்டைப்பையில் இருந்த சாவிகளைத் தொட்டார். நான் கம்பத்துக்கு ஓடிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் அம்மா பக்கத்துப் பண்ணையிலிருந்து திரும்பி வந்தாள். கூட்டுக்குப் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தாள். பண்ணைக்கார அம்மாவுக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கைகளாலேயே அரைமணி நேரம் பேசுவார்கள். போகும்போது நிதானமாகப் போனவள் வரும்போது பூசணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறக்குறைய ஓடிவந்தாள். சித்தப்பா தோட்டாப் பெட்டிக்காக அப்பாவின் பின்னால் நிற்பதைப் பார்த்தாள். நேராக ரைஃபிளும் கருவிகளும் இருந்த கொட்டகைக்குள் போய், தன் கைப்பையில் இருக்கும் குங்குமச் சிமிழைக் கொண்டுவரச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

அண்ணனும் தம்பியும் உள்ளே வந்தபோது மேசையில் மண்வெட்டி, சுத்தியல், ரசமட்டம், அளவு நாடா, நடுவில் பூசணி, அதன் முன்னால் உறையோடு ரைஃபிள். எல்லாவற்றிலும் குங்குமம். காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற பெட்டிப் பொரி ஒரு கிண்ணத்தில்.

"என்ன அண்ணி இது?"

"ஆயுத பூஜை. பூஜையில வெச்சதை இன்னிக்கு எடுக்கக்கூடாது. நாளைக்குத்தான்."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். ஆயுத பூஜை வியாழக்கிழமையே வீட்டில் ஆகிவிட்டதே என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா ஒரு பிடி பொரியை என் வாயில் அடைத்தாள். மொன்றியலில் எங்கள் பண்டிகைகள் எல்லாம் விடுமுறை நாளுக்கு நகர்ந்துவிடும். அதனால் நண்பர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருவர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, தட்டை வாங்காமல் தள்ளிப்போய் உட்கார்ந்தேன். அம்மாவின் பக்தியைப் போல் உலகத்தில் வேறு தொல்லை இல்லை என்று தோன்றியது.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குன்றின் உச்சியில், அணைக்கு நேர் மேலே, ஒரு நீலக் கம்பளித் தொப்பி தெரிந்தது. பிறகு மஞ்சள். பிறகு இன்னும் இரண்டு. பண்ணைக்காரரின் பேரக்குழந்தைகள். வாரயிறுதிக்கு நகரத்திலிருந்து வந்தவர்கள், இலைகளின் நிறம் பார்க்க ஏறியிருக்கிறார்கள். எங்களைப் பார்த்து "போன்ஜூர்" என்று கத்திக் கையசைத்தார்கள். நானும் கோபத்தை மறந்து கொடியை அசைத்தேன்.

அப்பா தட்டைப் புல்லில் வைத்தார். கை கழுவவில்லை.

"வரைபடத்துல அந்தப் பாதை இல்லையே" என்றார், மெல்ல.

"நடக்கறவங்க வரைபடம் பார்த்தா நடக்கறாங்க?" என்றாள் அம்மா, அவருக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு எல்லோருக்கும் மோர் ஊற்றப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி அணையைப் புகழ்ந்தாராம். அப்பாதான் அவரைக் குன்றுக்கு ஏற்றிக்கொண்டுபோய்ப் பாதையைக் காட்டி, தன் திட்டம் தவறு என்று சொன்னார். அனுமதி தள்ளிப்போனது. அடுத்த வசந்தத்தில், நிலத்தின் மறுகோடியில் இருந்த பழைய மணல் குழிக்குள் எல்லாம் புதிதாக ஆரம்பித்தது. மூன்று பக்கமும் செங்குத்தான மண், பின்னால் யாரும் வரமுடியாத சதுப்பு, சுற்றிலும் வேலி. பண்ணைக்காரரும் அவர் மனைவியும் வந்து நின்று பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அப்பா விண்ணப்பித்தார்.

ஜூனில் அனுமதி வந்தது. நான் கொடி ஏற்றினேன். அவசரத்தில் கயிறு இரண்டு தடவை சிக்கிக்கொண்டது. கொடி மேலே போய் விரிந்தபோது பள்ளியில் எல்லோரும் இதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. சித்தப்பா குப்புறப் படுத்துக் கண்ணை இடுக்கினார். அப்பா தோட்டாவைக் கொடுக்கும் முன் அம்மா பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"இன்னிக்கு ஏதாவது பூஜை இருக்கா?"

"இன்னிக்கு இல்ல" என்றாள் அம்மா.

சித்தப்பா சிரித்த சிரிப்பில் முதல் குண்டு இலக்கு அட்டையைத் தொடவே இல்லை, மணலுக்குள் போனது. அப்பாவும் சிரித்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். அந்த அக்டோபர் ஞாயிறன்று ரைஃபிள் உறையில் குங்குமம் இன்னும் ஈரமாக இருந்ததையும், அம்மாவின் கட்டைவிரல் மாலைவரை சிவந்திருந்ததையும் நான் பார்த்துத்தான் இருந்தேன். ஆனால் அந்த வயதில் என் கணக்கில் தேறியது இவ்வளவுதான்: அந்த வாரம் பொரி இரண்டு முறை கிடைத்தது.