பத்ரியின் நழுவாத பேண்ட்

சிரிப்பு நடிகர்களின் ஆரம்பகாலக் கதைகளை நான் நம்புவதில்லை. ஒருவர் சர்க்கஸில் குரங்குக்குச் சோறு போட்டாராம், இன்னொருவர் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வழுக்கி விழுந்தாராம். கண்ணால் பார்த்தவர் யாரென்று கேட்டால் பதில் வராது. பத்ரிநாராயணன் கதைக்கு மட்டும் சாட்சி இருந்தார், மயிலாப்பூரில் என் மருந்துக் கடைக்கு அடுத்த கடையில்.

தையல்காரர் ஷரஃபுதீன் பாய். சபா நாடகங்களுக்குப் போலீஸ் உடுப்பிலிருந்து ராஜா அங்கி வரை அவர்தான் தைப்பார். ஊர் சொல்லும் கதை இதுதான்: பத்ரியின் முதல் நாடகத்துக்குப் பாய் வேறு யாருடைய அளவிலோ பேண்ட் தைத்துக் கொடுத்துவிட்டார். மேடையில் அது நழுவ நழுவ, ஒரு கையால் பிடித்துக்கொண்டே பத்ரி வசனம் பேச, சபை விழுந்து விழுந்து சிரித்தது. செவ்வாய்க்கிழமை நாடகங்களால் டிவியில் பெரிய ஆளான பிறகு, பேட்டிக்குப் பேட்டி பத்ரி இதையே சொன்னார். பாயின் பெயரையும் விடமாட்டார்.

நடந்தது வேறு. "இடுப்ப நாலு இஞ்ச் லூசா வைங்கோ, வெளில சொல்லாதேங்கோன்னு அவரேதான் வந்து கேட்டாரு. நானும் சொல்லல. இப்ப நான் அளவு தெரியாதவன் ஆயிட்டேன்," என்பார் பாய். அவருக்குக் கோபம் வராது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

1994இல் அவர் மகள் புஷ்ராவுக்கு அடையாறில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளைக்குக் கல்யாணக் கோட்டு கொடுப்பது அவர்களுக்குள் பெண் வீட்டு வழக்கம். தானே தைக்க வேண்டுமென்று பாய் ஆசையாகத் துணிகூட எடுத்து வைத்துவிட்டார். சம்பந்தி அப்துல் சமத் வந்தார், டீ குடித்தார், பிறகு மெதுவாகச் சொன்னார்: "கோட்ட மட்டும் தி.நகர்ல ரெடிமேடா எடுத்துடலாமே பாய். புள்ளயோட ஃப்ரெண்ட்ஸுங்க இப்பவே கிண்டல் பண்ணிக்கினு கீறாங்க."

அன்று முழுக்கப் பாயின் மெஷின் ஓடவில்லை. மறுநாள் நான்தான் அவரை இழுத்துக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரத்தில் பத்ரியின் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் மனுஷர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"அடடா, நேக்குத் தெரியாமப் போச்சே. அடுத்த மாசம் எனக்குப் பாராட்டு விழா. கோட்டும் பேண்ட்டும் நீங்களே தைச்சுக் குடுங்கோ பாய். மேடைலயே உண்மையச் சொல்லிடறேன்."

பாய் அதைத் தைத்ததைப் பார்த்தவன் நான். பிரித்தும் தைத்தும், தைத்தும் பிரித்தும், மற்ற வேலையெல்லாம் கிடப்பில் போனது.

விழாவுக்குப் பாய் சமத்தையும் அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பத்ரி மேடைக்கு வந்தார். உடுப்பு அவ்வளவு பாந்தமாக இருந்தது. "இது ஷரஃபுதீன் பாய் தைச்சது," என்று ஆரம்பித்தார். அந்தப் பெயரைக் கேட்டதுமே கூட்டம் சிரித்துவிட்டது. சிரிப்பு காதில் விழுந்ததுதான் தாமதம், பத்ரியின் கை தானாக இடுப்புக்குப் போனது. நழுவாத பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு மேடையில் தத்தித் தத்தி நடந்தார். அரங்கமே அதிர்ந்தது. சொல்ல வந்ததைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை. சமத் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எரிச்சலோடு நான் திரும்பினால், பாயும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்றது நைனா, நல்லாத்தான் பண்றாரு," என்றார்.

திருவான்மியூரில் கல்யாணம். மாப்பிள்ளை தி.நகர் கோட்டில் வந்து நின்றான். கோட்டின் கை நீண்டு, பாதி உள்ளங்கையை மூடியிருந்தது. ஃபோட்டோக்காரர் இரண்டு தடவை இழுத்துவிட்டும் நிற்கவில்லை. சமத் தயங்கித் தயங்கிப் பாயிடம் வந்தார். "கொஞ்சம் பாக்கறீங்களா?"

பாய் தன் சட்டைக் காலருக்கு அடியில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்தார். மாப்பிள்ளை நின்றபடியே இருக்க, கோட்டின் கையை உள்ளே மடித்துத் தைக்க ஆரம்பித்தார்.

"பேண்ட்ட புடிச்சுக்கோ மச்சி," என்றான் பின்னால் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். பாய் தலை நிமிரவில்லை.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தைத்து முடித்த கையை நீட்டிப் பார்த்தான். பிறகு, அருகில் நின்ற எனக்கும் கேட்காத அளவுக்குக் குனிந்து ஏதோ கேட்டான். என்ன கேட்டானென்று பாய் பிறகுதான் சொன்னார்: "மாமா, நீங்க எனக்குன்னு எடுத்த துணி இன்னும் கீதா?"

"கீதுப்பா," என்று பாய் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. ஊசியைத் திரும்பக் காலரில் குத்திக்கொண்டார். பிறகு மாப்பிள்ளையின் தோளைச் சாணால் அளந்து பார்த்தார்.